நம்பர் எடுக்கிறவரிடம் ‘சூதாட்டம்’ என்று கேட்காதீர்கள்: பினாங்கில் கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

சூதாட்டப் பழக்கத்தைப் பற்றி முதுகலை, முனைவர் பட்டம் என்று ஆய்வைத் தொடங்குகிற பிள்ளைகள், “தமிழ் பேசுகிற வீடுகளுக்குக் கேள்வித்தாளைக் கொண்டுபோக ஆள் வேண்டும்” என்று தேடினால், நாலு பேரைச் சுற்றிக் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். மூன்று ஆய்வுகளுக்குக் களப்பணி செய்திருக்கிறேன். நான் உளவியல் படித்தவள் இல்லை. தனியார் கிளினிக்கில் பதினெட்டு வருடம் தாதியாக இருந்தவள். ஊசி போட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பழகிய வாய்தான் என் தகுதி. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

புள்ளியியலுக்கு உங்கள் சூப்பர்வைசர் இருக்கிறார். நான் சொல்வது, கதவைத் தட்டுவதிலிருந்து செருப்பைத் திரும்ப மாட்டும் வரைக்கும்தான்.

முதல் கேள்வியிலேயே கதவு சாத்திக்கொள்ளும்

முதல் ஆய்வில் என் கையில் கொடுத்த தமிழ்த் தாளின் முதல் கேள்வி இது: “கடந்த 12 மாதங்களில் நீங்கள் சூதாட்டத்தில் ஈடுபட்டதுண்டா?” இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பினாங்கில் பிறை என்கிற ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சாயங்காலம் பதினான்கு கதவு தட்டினேன், பதினொன்று திறந்தது, பதினொன்றிலும் “இல்லை”. அதில் ஒரு வீட்டில் கைலி கட்டிய அங்கிள் ஒருவர், “சூதாட்டமா? அதெல்லாம் நம்ம வீட்டுல கிடையாதும்மா” என்று கோபத்தோடு சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பந்தய நாள் குறித்த குதிரைக் காலண்டர் தொங்கியது. நாலு இலக்க லாட்டரி குலுக்கும் நாட்களான புதன், சனி, ஞாயிறு கட்டங்களில் மட்டும் சிவப்புப் பேனாவில் நாலு இலக்க எண்கள்.

அவர் பொய் சொல்லவில்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் காதில் ‘சூது’ என்றால் வஞ்சகம். நல்லவனைச் சூதுவாது தெரியாதவன் என்கிறோம். சூது என்றால் தர்மர் பெண்டாட்டியைப் பணயம் வைத்தது. அரசாங்க லைசென்ஸ் உள்ள கடையில் வரிசையில் நின்று இரண்டு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, நம்பர் எழுதி, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைப்பவர் தன்னை ஏன் அந்தச் சபையில் கொண்டுபோய் உட்கார வைக்கப்போகிறார்? மறுவாரம் அதே அங்கிளிடம் போய், “அங்கிள், போன சனிக்கிழமை நம்பர் எடுத்தீங்களா?” என்றேன். “எடுத்தேனே, ஆறு நம்பர். எல்லாம் போச்சு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதனால் பொதுச்சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாலு நம்பர், அதாவது மேக்னம், டோட்டோ, டாமாச்சாய் மூன்றும். கடையில் வாங்காமல் போனில் ஆளுக்குச் சொல்லி எழுதுவது. குதிரை. பினாங்கில் பத்து காந்தோங் பக்கம் 1864-இல் தொடங்கிய டர்ஃப் கிளப்பின் நினைவு பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது, அந்தப் பேச்சிலேயே பல கதவு திறக்கும். கெந்திங் கேசினோ. பந்து, அதாவது கால்பந்து பந்தயம். போனில் விளையாடும் ஸ்லாட். இளையவர்களிடம் இப்போது இதுதான். தீபாவளி ராத்திரிச் சீட்டு. தீபாவளிச் சீட்டை மட்டும் தனியாகக் குறியுங்கள். வருடத்தில் ஒரு ராத்திரி முப்பது வெள்ளி விட்டவரையும் வாராவாரம் விடுபவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் உங்கள் கணக்கு கெடும்.

குத்துப் பணத்தையும், அதாவது பல பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டி ஆளுக்கொரு முறை எடுக்கும் பணத்தையும், விசாரியுங்கள். குத்து சூதாட்டம் இல்லைதான். ஆனால் குத்து எடுத்த பணம் எங்கே போனது என்று கேட்டால் பல கதை அவிழும்.

கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது

உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் 2001-இல் கனடாவில் ஃபெரிஸ், வின் என்ற இருவர் தயாரித்த ஒன்பது கேள்வி அளவுகோலாகத்தான் இருக்கும். சுருக்கமாக பி.ஜி.எஸ்.ஐ. கேள்விக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் 27. பூஜ்யம் என்றால் சிக்கல் இல்லை. 1, 2 குறைந்த ஆபத்து. 3 முதல் 7 வரை நடுத்தரம். 8 தொட்டால் சிக்கலான ஆட்டக்காரர். இதற்கு முன்னால் கோலோச்சியது 1987-இல் நியூயார்க் மாநிலத்தில் லெசியர், புளூம் இருவரும் உருவாக்கிய சவுத் ஓக்ஸ் அளவுகோல். அது மருத்துவமனையில் பிறந்தது. அதை ஊர்மக்களிடம் கொண்டுபோனால் ஆள் தொகையைக் கூட்டிக் காட்டுகிறது என்ற குறை உண்டு. அதன் 20 மதிப்பெண்ணில் ஒன்பது, கடன் எங்கே வாங்கினாய் என்பதற்கே போய்விடும். நம் ஆட்கள் கடன் வாங்கும் இடங்களோ அந்தப் பட்டியலில் சரியாக உட்காராது.

மொழிபெயர்த்து, இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவது 1970-இல் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து எல்லாரும் செய்வது. செய்யுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். “குற்ற உணர்ச்சி” என்று எழுதினால் அது அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போய்விடும், நெறிக்குழுவும் கையெழுத்துப் போட்டுவிடும். பிறை ஆண்ட்டிக்குத்தான் அது புரியாது. அதனால் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. ஐந்தாறு பேரை உட்கார வைத்து, கேள்வியைப் படித்துக் காட்டி, “இப்ப நான் என்ன கேட்டேன், உங்க வாயால சொல்லுங்க” என்று கேளுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு மத்தியானம், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த இரண்டு மாதத்தைவிட மதிப்பானது. நாலு இடத்தில் நாங்கள் இடறியதைச் சொல்கிறேன்.

இழந்த பணத்தை மீட்க வேறொரு நாள் திரும்பிப் போனீர்களா என்பது ஒரு கேள்வி. ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் நோயின் முதுகெலும்பு என்கிறார்கள். லெசியர் 1970-களிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். நம் மொழியில் இதற்கு யாரும் கற்றுத்தர வேண்டாத சொல் இருக்கிறது: விட்டதைப் பிடிக்கிறது. ஆனால் எங்கள் தாளில் “இழந்த பணத்தை மீண்டும் வெல்லும் பொருட்டு மற்றொரு நாள் திரும்பிச் சென்றீர்களா” என்று இருந்தது. நம்பர் எடுப்பவர் வாரத்தில் மூன்று நாள் எப்படியும் போகிறவர். “திரும்பிப் போனீர்களா” என்றால் “ஆமா, புதன்கிழமை போனேன்” என்பார். எல்லாருக்கும் மூன்று மதிப்பெண் விழுந்தது! “விட்டதைப் பிடிக்கணும்னே அடுத்த தடவை கூட்டிப் போட்டீங்களா” என்று மாற்றினோம். அப்போது, தொகையைக் கூட்டுவது பற்றி வேறு கேள்வி இருக்கிறதே என்று சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். கடைசியில் “கூட்டி” என்பதை எடுத்துவிட்டு, “விட்டதைப் பிடிக்கணும்னே திரும்பப் போட்டீங்களா” என்று நிறுத்தினோம். ஒரு சொல்லுக்கு மூன்று நாள் சண்டை.

இரண்டாவது, கடன் வாங்கினீர்களா, எதையாவது விற்றீர்களா என்பது. ஒரு ஆண்ட்டி இரண்டுக்கும் இல்லை என்றார். பேசிக்கொண்டே இருந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருப்பதைக் கவனித்தேன். தாலிக்கொடி எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: “விக்கல, வச்சிருக்கேன்.” நகையை அடகுக் கடையில் வைப்பது நம் வீடுகளில் விற்பதும் இல்லை, கடனும் இல்லை. பொருள் நம்முடையதுதானே, திருப்பத்தானே போகிறோம்! வட்டி ஏறி, தவணை போய், நகையும் போன பிறகும் வாயில் “வச்சிருக்கேன்” என்றுதான் வரும். அதனால், “கை மாத்தோ, கடனோ வாங்கினது, நகையை அடகு வச்சது, ஏதாச்சும் வித்தது” என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இப்படிச் சேர்த்ததை ஆய்வு அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். சொல்லாமல் சேர்த்தால் மற்ற நாட்டு எண்களோடு ஒப்பிடுகிறவர் ஏமாந்து போவார்.

மூன்றாவது குற்ற உணர்ச்சி. “மனசு உறுத்துச்சா?” என்று மாற்றினோம். ஒருவர், “மனசு உறுத்தலம்மா, வயிறுதான் எரிஞ்சுது” என்றார். நான் அவசரத்தில் ஆம் என்று குறித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது காசு போன எரிச்சல். செய்தது தப்பு என்ற உறுத்தல் இல்லை. இப்போது, “இப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுன்னு மனசு உறுத்துச்சா” என்று முழுசாகக் கேட்கிறேன்.

நாலாவது பதில்கள். சில சமயம், பெரும்பாலும், ஏறக்குறைய எப்போதும் என்று தாளில் இருக்கும். எதிரில் இருப்பவர் “அப்பப்ப” என்பார். அப்பப்ப என்பது ஒன்றா, இரண்டா? மேசைமேல் பத்து பத்துக்காசு வைத்து, “பத்து தடவையில எத்தனை தடவைன்னு எடுத்து வைங்க” என்றேன். ஒருவர், “என்னம்மா, நீயே பந்தயம் கட்டுறியா?” என்று சிரித்தார். அதற்குப் பிறகு காசுக்குப் பதில் நிலக்கடலை. ஒருவர் பேச்சு வாக்கில் மூன்றைத் தின்றுவிட்டார். ஆனாலும் வேலை செய்கிறது. கடலை விளக்கத்துக்கு மட்டும்தான். தாளில் குறிப்பது அவர் பிறகு சொல்லும் சொல்லைத்தான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் தப்பான நம்பிக்கைகளை அளக்க ராய்லு, ஓய் இருவரும் 2004-இல் செய்த 23 வாக்கிய அளவுகோலைச் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதில் பிரார்த்தனை செய்தால் ஜெயிக்க உதவும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அதை நம் வீடுகளில் படித்தால், “சாமி கும்பிடாம எதும்மா நடக்கும்?” என்பார்கள். மகன் எஸ்பிஎம் பரீட்சைக்கும் அதே சாமிதான், மாமியாரின் மூட்டு வலிக்கும் அதே சாமிதான். அந்த வாக்கியம் அவர்கள் பக்தியை அளக்கிறது, ஆட்டத்தை அளக்கவில்லை. முனீஸ்வரன் கோயிலில் நம்பர் கேட்டீர்களா, விபத்தான காரின் எண்ணை எடுத்தீர்களா, கனவுப் புத்தகம் பார்த்தீர்களா என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

காசைப் பற்றிக் கேட்பது

எனக்கு இன்றுவரை ஆறாத புண் இது. ஓர் ஆய்வில், “மாதத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள்?” என்ற ஒரே கேள்வியை வைத்து 43 பேரைப் பார்த்து முடித்தோம். கேள்வி சரியில்லை என்று பத்தாவது ஆளிலேயே நான் சொன்னேன். “படித்தவர்கள் பார்த்துச் செய்தது” என்று பதில் வந்தது. கடைசியில் அந்த எண்களை மேசைமேல் பரப்பிப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவவில்லை. வாரம் முப்பது வெள்ளி போடும் ஒருவர், சிறப்புப் பரிசில் ஒருமுறை 180 அடித்ததை மனதில் வைத்து, “செலவே இல்ல, லாபம்தான்” என்றிருந்தார். இன்னொருவர் போட்டதை எல்லாம் கூட்டிச் சொன்னார். ஸ்லாட் விளையாடும் தம்பி ஐம்பது வெள்ளியில் தொடங்கி, நானூறு வரை ஏற்றி, விடிவதற்குள் மொத்தத்தையும் விட்டவன். அவன் கணக்கில் செலவு ஐம்பது. “என் காசு அம்பதுதானேக்கா, மிச்சம் அவன் காசு.”

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் பிளாஷின்ஸ்கி குழுவினர் மாணவர்களிடம் இதுபோன்ற சின்னச் சின்னக் கதைகளைக் கொடுத்து, ‘இவர் செலவு எவ்வளவு?’ என்று கேட்டார்கள். ஒரே கதைக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு விடை. 2007-இல் கனடாவில் வுட், வில்லியம்ஸ் இருவரும் இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கும் விதம் மாறினால் தொகையும் மாறியது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முன்பு சொன்ன குதிரைக் காலண்டரை வீட்டுச் சுவரிலிருந்தே கழற்றிக் கீழே வைக்கச் சொல்வேன். பென்சில், இரண்டு கட்டம்: போட்டது, வந்தது. நேற்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். “ஞாயித்துக்கிழமை என்ன போட்டீங்க? அன்னிக்கு வீட்டுல யாரு வந்திருந்தா? சனிக்கிழமை?” பொதுவாக ‘ஒரு மாசம்’ என்றால் யாருக்கும் நினைவு வராது. ‘மாமா வீட்டுக் காது குத்துக்கு முந்தின நாள்’ என்றால் வரும். குடிப்பழக்க ஆய்வில் தொடங்கிய முறை இது, காலண்டரைப் பின்னோக்கிப் பார்ப்பது. பிறகு சூதாட்ட ஆய்வுக்கும் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஆறு குலுக்கல், இடையில் சிறப்புக் குலுக்கல் இருந்தால் ஏழு. இருபது நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் காலண்டரை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கூட்டிக் காட்டாதீர்கள். அவரே கூட்டிப் பார்ப்பார். அது அவருக்கும் காலண்டருக்கும் இடையில்.

“கிட்ட வந்துச்சு”

நம்பர் எடுப்பவரிடம் பேசுவதற்கு முன் நம்பரின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ‘பெருசு’ என்ற வகையில் போட்டால் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து எண்ணுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்ணுக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரத்தால் வகுத்தால் வெள்ளிக்கு 64 காசு. ‘சின்னது’ போட்டால் மூன்று பரிசுதான், 3,500, 2,000, 1,000. கூட்டி வகுத்தால் 65 காசு. குலுக்கலுக்குப் பத்து வெள்ளி ‘பெருசு’ போடுகிறவர் வருடத்துக்கு 1,560 வெள்ளி போடுகிறார். நீண்ட கால சராசரியில் அதில் ஐந்நூற்று அறுபது போல் திரும்பி வராது.

இந்தக் கணக்கை அவரிடம் சொல்லத் துடிக்கும். சொல்லாதீர்கள். நீங்கள் கேட்கப் போனவர்.

கவனமாகக் கேட்டுக் குறிக்க வேண்டியது வேறு ஒன்று. “கிட்ட வந்துச்சும்மா! நான் 4718 எடுத்தேன், 4178 வந்துச்சு.” இதை நூறு வாயில் கேட்டிருக்கிறேன். நெருங்கித் தவறுவது மூளைக்குத் தோல்வியாகப் படுவதில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் ஸ்லாட் போன்ற ஆட்டத்தை ஆடவிட்டு மூளையைப் படம் எடுத்தபோது, நூலிழையில் தவறிய ஆட்டங்களிலும் ஜெயிக்கும்போது கிளரும் பகுதிகளே கிளர்ந்தன. ஆட்டக்காரர்கள் அந்த அனுபவம் பிடிக்கவில்லை என்றார்கள், ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் போலிருக்கிறது என்றார்கள்.

நாலு நம்பரில் ‘கிட்ட வருவது’ எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று ஒரு நாள் பேருந்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நாலும் வேறு வேறு இலக்கமானால் அதை 24 விதமாக மாற்றி எழுதலாம். உங்கள் எண் போக 23. ஒரு கம்பெனி ஒரு குலுக்கலில் 23 எண்கள் எடுக்கிறது, மூன்று கம்பெனிக்கு 69. எடுக்காத கம்பெனியின் முடிவையும் பேப்பரில் பார்த்து வயிறெரிகிறவர்கள்தானே நாம்! இந்த 69-இல் உங்கள் எண்ணின் மாறாட்டம் ஏதாவது ஒன்று இருப்பதற்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு. அதாவது ஒரே ஒரு நம்பரைப் பிடித்துத் தொங்குகிறவருக்குக்கூட இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ‘கிட்ட’ வந்துகொண்டே இருக்கும். ஆறு நம்பர் எடுக்கிற நம் அங்கிளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு தடவை. எங்கள் தாளில் இதற்குக் கேள்வியே இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன். பிறகு அந்த ஓரக் குறிப்புகள்தான் அந்தப் பிள்ளையின் ஆய்வில் ஒரு தனி இயலாக வந்தன. ஓரத்தில் எழுதுங்கள்.

எப்போது போவது, எங்கே உட்கார்வது

குலுக்கல் நாளில் சாயங்காலம் போகாதீர்கள். ஏழு மணிக்கு முடிவு வரும் நேரம் யாரும் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். திங்கள், வியாழன் நல்ல நாள். தைப்பூச வாரம் தண்ணீர்மலைப் பக்கம் விரதக்காரர்கள், அந்த வாரம் யாரும் ஒன்றும் ஆடவில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. அந்த வாரத்தைக் கணக்கில் எடுத்தால் மாதம் முழுவதும் குறைந்து தெரியும்.

வீட்டுக்குள் கேட்பதா, வெளியிலா என்பதை அவரிடமே விடுங்கள். சுவர் மெல்லியது, அடுப்படியில் மனைவிக்குக் காது இருக்கிறது. ஒருமுறை கணவரிடம் பேசும்போது, “பாதி சம்பளம்னு சொல்லுங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தத் தாள் வீண். அதைவிட, நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்ற கவலை. இப்போது மாமாக் கடையின், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின், மூலை மேசைதான் எனக்குப் பிடித்த இடம். தே தாரேக் இரண்டு, சத்தமாக டிவி. டிவி சத்தம் ரகசியத்துக்கு நல்லது.

குடும்பத்தாரையும் தனியாகப் பேட்டி காணுங்கள். சிக்கலான ஆட்டக்காரர் ஒருவரால் சராசரியாக ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2017-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. நம் வீடுகளில் அண்ணன் கடனுக்குத் தங்கையின் ஊழியர் சேமநிதி போவது வரை நான் கேட்டிருக்கிறேன்.

பினாங்கில் தமிழ் பேசுகிறவர்களில் முஸ்லிம்கள் நிறைய. அவர்களுக்குச் சூதாட்டம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது மட்டுமில்லை, ஷரியா சட்டத்தில் குற்றமும்கூட. நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அவரை மாட்டிவிடலாம். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தெரு எதுவும் தாளில் வரக்கூடாது, குரல் பதிவும் வேண்டாம். போனில் எழுதுகிறவர்களுக்கும் இதேதான், அது லைசென்ஸ் இல்லாத ஆட்டம். யாரிடம் எழுதுகிறார் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவரே சொல்லத் தொடங்கினால் பேனாவைக் கீழே வையுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கின் பெயரும் அப்படித்தான். காதில் விழுந்தாலும் தாளில் விழக்கூடாது.

நேரம் ஒதுக்கியதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் ரொக்கம் வேண்டாம். முதல் ஆய்வில் இருபது வெள்ளி உறையில் வைத்துக் கொடுத்தோம். ஒருவர் எங்கள் கண்ணெதிரே எதிர்க்கடைக்குப் போய் நம்பர் எழுதினார். மளிகை வவுச்சர் கொடுங்கள். அதையும் விற்பவர் இருப்பார், ஆனாலும் வீட்டுக்கு அரிசி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

பேசப் பேச அழுகிறவர்கள் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னவர்கள் எனக்கே இரண்டு பேர். அப்போது கேள்வித்தாளை மூடி வையுங்கள். ஆலோசனை சொல்லாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள், அவரைத் தனியாக விட்டுவிட்டும் வராதீர்கள். கையில் ஒரு சின்ன அட்டை வைத்திருங்கள்: மனநல உதவிக்கு சுகாதார அமைச்சின் ஹீல் 15555, குடும்பத்துக்குத் தாலியான் காசே 15999, கடனை ஒழுங்குபடுத்த மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே. அட்டையின் மேல் ‘சூதாட்ட உதவி’ என்று அச்சடிக்காதீர்கள். பாக்கெட்டிலிருந்து மனைவி எடுத்தால் வேறு கதையாகிவிடும். நாங்கள் ‘உதவி எண்கள்’ என்று மட்டும் போட்டோம். அன்று ராத்திரியே உங்கள் சூப்பர்வைசருக்குப் போன் செய்யுங்கள். உங்களுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும்.

எண்ணி முடித்த பிறகு

எட்டு மதிப்பெண் வந்தவரை நோயாளி என்று எழுதாதீர்கள். அது சலித்தெடுக்கும் கருவி. நோய் என்று சொல்ல மருத்துவர் 2013-இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டின்படி ஒன்பது அறிகுறியில் குறைந்தது நாலு ஒரு வருடத்துக்குள் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம்பர்க் கடை வாசலில் நின்று ஐம்பது பேரைக் கேட்டுவிட்டு, ‘பினாங்குத் தமிழரில் இத்தனை சதவீதம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கிளினிக் வாசலில் நின்று ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணுவது போல அது. மற்றவர் கட்டுரையைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தில் பணம் யார் கொடுத்தது என்று பாருங்கள். ஆட்டம் நடத்துகிறவரின் காசில் செய்த ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. என்ன கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் படியுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பெயர் எழுதக்கூடாது என்பதால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறியீடு வேண்டும். எங்கள் பிள்ளை அழகாக நாலு இலக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். ஒப்புதல் படிவத்தின் மூலையில் 0137 என்று பார்த்த அண்ணன் ஒருவர், “படிச்சவங்க கையால வந்த நம்பர்” என்று அந்த வாரம் மூன்று குலுக்கலிலும் அதையே எடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “வரலம்மா. ஆனா 0173 வந்துச்சு.” அதன் பிறகு மூன்று இலக்கமாக்கினோம், முன்னால் ஒரு சைபர் சேர்த்து எடுத்தார்கள். இப்போது எழுத்து மட்டும்: கா, கி, கு. போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் பேசி முடித்து மோட்டாரைத் திருப்பும்போது, கு என்கிற அங்கிள் வாசலுக்கு வந்து என் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையில் ஏதோ எழுதினார். இதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.